மாத்திரை வீடு தேடி வந்தாலும் நாம் போக வேண்டிய இடம்: சென்னையில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சென்னையில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக நடைபெற்று வருகிறது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து உட்கொள்பவர்களில் 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பது இதன் முதன்மையான பணி. இயன்முறை சிகிச்சை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு) செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகள் ஆகியவையும் இதில் அடங்கும். எதற்கும் கட்டணம் கிடையாது. மாத்திரை கொண்டு வருபவருக்கு ‘ஆட்டோ செலவு’ என்று எதையும் தர வேண்டியதில்லை.

சேர விரும்புபவர்கள் ஆதார் அட்டையையும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு, தங்கள் பகுதிக்குரிய சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவுக்குச் சென்று பதிவு செய்துகொள்ளலாம். எது தங்கள் நிலையம் என்று தெரியாதவர்கள் 104 என்ற எண்ணில் கேட்கலாம். வீடு மாறினால் புதிய பகுதியின் நிலையத்தில் தெரிவிப்பது அவசியம். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் அதிகமுள்ள நகரத்தில் மாத்திரை விட்டுப்போக இதுவே போதிய காரணமாகிவிடுகிறது.

இத்திட்டத்தைப் பற்றிய பெரிய தவறான எண்ணம், மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் மருத்துவரைப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான். வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து பயிற்சி பெற்று வந்தவர். அவர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பார், ரத்தக் கொதிப்பை அளப்பார். மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த ஒரு சொட்டிலும் பிழை வரலாம். அப்போதுதான் மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் நீட்டினால், விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே கருவியில் எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு, நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தச் சொல்வது நல்லது; வலியும் குறைவு.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரில் புரதம், கண்ணின் விழித்திரை, பாத உணர்வு ஆகிய பரிசோதனைகளுக்கு நாம்தான் போக வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்கு இந்தச் சராசரி 7 சதவீதத்துக்குள் இருப்பது இலக்கு. முதியவர்களுக்கு மருத்துவர் சற்றுத் தளர்த்திச் சொல்லலாம். விழித்திரையையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சுகாதார நிலையத்தில் முடியாதவற்றுக்குப் பரிந்துரைச் சீட்டுடன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகள் மருத்துவமனைப் படுக்கையில் சேர நேர்வது பெரும்பாலும் சில வழக்கமான வழிகளில்தான். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாதபோது, ‘சாப்பாடே இல்லை, ஊசி எதற்கு’ என்று இன்சுலினை நாமாகவே நிறுத்துவது அவற்றில் ஒன்று. நோயுற்ற உடலில் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும் என்பதால், நிறுத்துவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வாந்தி நிற்காமல் மூச்சும் வாங்கினால் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதற்கு நேர்மாறானது, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருப்பது. வியர்வையும் நடுக்கமும் வந்து ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே இறங்கினால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

மூன்றாவது வழி பாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தெருவில் தேங்கும் நீரில் வெறுங்காலுடன் நடந்தவருக்கு, உணர்வு மரத்த பாதத்தில் கண்ணாடித் துண்டு குத்தியது தெரியாமலே போய்விடும். தினமும் இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்ப்பதும், ஆறாத புண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே நிலையத்தில் காட்டுவதும் விரலைக் காப்பாற்றும். மழைக்கு முன்பே மாத்திரை இருப்பைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்கள், பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலினை நெகிழி உறையில் கட்டி, ஈர மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்; திறந்த குப்பி பொதுவாக நான்கு வாரத்துக்குத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குப் பொருந்தும். அட்டையை முன்கூட்டியே வாங்கிவைப்பது அலைச்சலைக் குறைக்கும். வீடு திரும்பும்போது மருத்துவமனை தரும் வெளியேறும் அறிக்கையை (டிஸ்சார்ஜ் சம்மரி) அந்த வாரமே சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். பதிவேட்டில் புதிய அளவை எழுதும் வரை, வீட்டுக்கு வருவது பழைய மாத்திரையாகவே இருக்கும்.