பயங்கரவாதம்: சொல்லும் அது தரும் மயக்கமும்

பயங்கரம் வடசொல், அச்சத்தை உண்டாக்குவது என்று பொருள். அதோடு 'வாதம்' ஒட்டிக்கொண்டது. இதற்கு ஈடான டெரரிசம், நடுங்கவைத்தல் எனப் பொருள்படும் லத்தீன் வினையில் வேர்கொண்டது. அரசியல் சொல்லாக அது பிறந்தது பிரெஞ்சுப் புரட்சியில். 1793–94இல் புரட்சி அரசு ஏறத்தாழ 17,000 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. பிரெஞ்சு அகாதெமி அகராதியின் 1798ஆம் ஆண்டுப் பிற்சேர்க்கை இச்சொல்லுக்கு 'அச்சத்தின் ஆட்சி' என்றே பொருள் சொன்னது. ஆக, முதலில் இந்தப் பெயரைச் சுமந்தது அரசுதான்!

குழப்பம் 'வாதம்' என்ற ஒட்டில் இருக்கிறது. பொருள்முதல்வாதம், பகுத்தறிவுவாதம் என்பவை கொள்கைகள். பயங்கரவாதம் கொள்கையன்று, வழிமுறை. குண்டுக்குப் பலியாகிறவர் பேருந்துப் பயணி; அதன் வழியே மிரட்டப்படுவதோ அரசு அல்லது ஒரு சமூகம். இடதுசாரி, வலதுசாரி, மதம், இனம் என எல்லாத் தரப்பிலும் இதைக் கையாண்டவர்கள் உண்டு. தமிழில் 'அச்சமூட்டு வன்முறை' என்றால் பொருள் நேராக நிற்கும். தீவிரவாதம் வேறு: கருத்தில் தீவிரமான ஒருவர் கத்தியைத் தொடாமலே வாழ்ந்து முடிக்கலாம். நாளேடுகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகின்றன.

கொள்கை என்று எண்ணிவிட்டால், காரணத்தையும் ஒரே இடத்தில் தேடுவோம்: மதம், வறுமை, மனநோய். வறுமையை எடுத்துக்கொள்வோம். லெபனானின் ஆயுத அமைப்பான ஹிஸ்புல்லாவில் சண்டையில் இறந்த 129 உறுப்பினர்களை அந்நாட்டு மக்களோடு ஒப்பிட்டு 2003இல் ஆய்வாளர்கள் குரூகரும் மலெச்கோவாவும் எழுதினார்கள். ஏழைகள் மக்களிடையே 33 விழுக்காடு, இறந்தவர்களிடையே 28. இதை வைத்து வறுமைக்குப் பங்கே இல்லை என்று முடிப்பதும் பிழை. சேர வருகிறவர்களில் படித்தவரையும் திறமைசாலியையும் அமைப்பே பொறுக்கி எடுத்திருக்கலாம்; அப்போது இந்தக் கணக்கு காட்டுவது சேர விரும்பியவரை அல்ல, சேர்த்துக்கொள்ளப்பட்டவரை.

அரசியல் அறிஞர் மார்த்தா கிரென்ஷா 1981இலேயே பயங்கரவாதத்தின் காரணங்களில் நெடுநாள் சூழலையும் உடனடித் தூண்டலையும் பிரித்துக் காட்டினார். நாட்டில் குறை ஏன் மண்டியது, அமைப்பு ஏன் இந்த வழியைத் தேர்ந்தது, இந்த ஆள் ஏன் சேர்ந்தார் என மூன்று கேள்விகள் உள்ளன. ஒன்றின் விடை மற்றதற்குப் பொருந்தாது. ஒரே குறையோடு வாழும் பல்லாயிரம் பேரில் சிலர்தானே ஆயுதம் எடுக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு 'மூளைச்சலவை' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். யாரோ அந்நியர் வந்து மயக்கியதுபோல. ஆனால் பலர் உள்ளே போனது ஏற்கெனவே சேர்ந்திருந்த நண்பர், அண்ணன், மைத்துனர் வழியாகத்தான்.