மூக்கடைப்போடு ஸ்கூபாவா?

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை. நெல்லித்தோப்பிலிருந்து வந்த இளைஞர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "டாக்டர், வலது காதுல தண்ணி நிக்குது, எப்படி ஆட்டினாலும் வெளிய வர மாட்டேங்குது" என்றார். விளக்கு வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருந்தது.

அந்தமான் போயிருக்கிறார். ஹேவ்லாக், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில், பவளப்பாறை பார்க்க, முதுகில் காற்று உருளையோடு கடலில் முங்கும் ஸ்கூபா. சென்னையில் விமானம் ஏறும்போதே சளி. "தண்ணில இறங்கினதுமே வலிச்சிச்சு. காசு கட்டியாச்சே, பல்லைக் கடிச்சுக்கிட்டு போய்ட்டேன்." காது மூக்கு தொண்டை மருத்துவராக இந்தக் 'காசு கட்டியாச்சே'வை நான் அடிக்கடி கேட்கிறேன். ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பிறகும் கேட்கிறேன்.

"ரொம்ப ஆழம் இல்ல டாக்டர், பத்து மீட்டர்தான்" என்பார்கள். சிக்கலே அந்தப் பத்து மீட்டரில்தான். கரையில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டாகிவிடும், நடுக்காதில் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். அடுத்த 10 மீட்டரில் இரண்டு மூன்றாகிறது, அவ்வளவுதான். ஆக, காதுக்கு மோசமான இடம் நடுக்கடல் ஆழம் இல்லை, படகுக்கு நேர் கீழே உள்ள முதல் சில மீட்டர்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குறுகிய குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போது அது திறந்து காற்றை உள்ளே விடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினாலும் திறக்கும். சளி பிடித்தால் குழாயின் வாய் வீங்கிவிடுகிறது. காற்று உள்ளே போகாது, செவிப்பறை உட்பக்கமாக இழுக்கப்படும், வலிக்கும். வலித்த பிறகு ஊதிப் பயனில்லை. அழுத்தம் அந்தக் குழாயை இறுக்கிப் பூட்டியிருக்கும். தண்ணீரின் மேலேயே ஒருமுறை ஊதிவிட்டு, இறங்க இறங்க வலி வருவதற்கு முன்பே திரும்பத் திரும்ப ஊத வேண்டும். அப்படியும் வலித்தால் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டுங்கள். கூட வருபவருக்குப் புரியும். கொஞ்சம் மேலே ஏறினால் சரியாகும். சரியாகவில்லையா, கரைக்கு வந்துவிடுங்கள்.

முக்கி ஊதுவதுதான் எனக்குப் பெரிய பயம். அந்த வேகத்தில் உள்காதின் மெல்லிய சவ்வு கிழியலாம். கடலிலிருந்து ஏறியதும் தலை சுற்றினாலோ, காதில் இரைச்சலோடு கேட்கும் திறன் குறைந்தாலோ அது அவசரம். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் கழித்து வராதீர்கள்.

மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்கும் புத்திசாலிகளும் உண்டு. மருந்தின் வேலை கீழே இருக்கும்போது முடிந்துபோனால், ஏறி வரும்போது விரியும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. இறங்கும்போது வலித்தால் மேலே வரலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவீர்கள்?

கடலூர் துறைமுகப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஞாபகம் வருகிறது. சிறு வயதிலிருந்து, சிக்கிய வலையை எடுக்க முங்கியவர். "எனக்கெல்லாம் முங்கினா காது வலிக்கவே வலிக்காது" என்று பெருமையாகச் சொன்னார். எப்படி வலிக்கும்? இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். நான் பேசியதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை, அவர் மனைவிதான் உரக்கத் திருப்பிச் சொன்னார்.

வீட்டு வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேராக நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்க வைக்கும். காதை நனையாமல் வைத்திருந்தால் சின்னக் கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்.

காதைத் தாண்டி இன்னொன்று. முங்கும்போது ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடலாம். ஒருமுறை மட்டும் முங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை அல்லது தொடர்ந்து சில நாள் முங்கியிருந்தால் 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏற வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் முங்கிவிட்டு அன்றைக்கே கொடைக்கானல் ஏறுவதும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். பயணத் திட்டத்தில் ஸ்கூபாவை முதல் நாளில் வையுங்கள், கடைசி நாள் காலையில் வேண்டாம்.

இறங்குவதற்கு முன் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதய நோய் என்று கேட்டிருக்கும். வரிசையில் நின்றபடி எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கையெழுத்திடுகிறோம், வங்கிப் படிவம் மாதிரி.

நெல்லித்தோப்புத் தம்பிக்குச் செவிப்பறை கிழியவில்லை, நல்லவேளை. மார்ச்சில் மறுபடி வந்தார். ரத்தம் முழுக்க வடிந்திருந்தது. இங்கே புதுச்சேரி கடலிலேயே முங்கலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்களாம், போகலாமா என்றார். மூக்கை ஒருமுறை உறிஞ்சிக் காட்டச் சொன்னேன். கொரகொர என்றது.

"அடுத்த வாரம் போங்க தம்பி."