கோலுக்கு ஐம்பது ரூபாய்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள்தான் அதிகம். வியாசர்பாடி, கொடுங்கையூர், காசிமேடு என்று சுற்றுவட்டாரம் முழுக்க அந்தப் பந்தின் பின்னால் ஓடுகிறதே, வேறென்ன வரும்?

பெரும்பாலும் முட்டி வலி. முட்டிச் சிப்பிக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் சின்ன மேடாக இருக்கும், அழுத்தினால் பையன் துள்ளுவான். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். 10 முதல் 15 வயதுக்குள், எலும்பு வேகமாக வளரும்போது தொடைத் தசை அந்த முனையைப் பிடித்து இழுப்பதால் வருவது. ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, ஐஸ் வைத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் அடங்கும். அனேகமாக வளர்ச்சி முடிந்ததும் தானாகவே போய்விடும்.

இதில் சில பிள்ளைகளின் வலிக்கு மட்டும் கிழமை உண்டு. கோச்சிங் நாளில் வரும். தெருவில் ரெண்டு செங்கல்லைக் கோல்போஸ்ட்டாக வைத்து ஆடும்போது வராது. "நடிக்கிறான் சார்" என்பார் அப்பா. நடிப்பு இல்லை. பயமும் பதற்றமும் வலியை நிஜமாகவே கூட்டும்.

அப்படி வந்த ஒரு பையன் (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்) பாஸே போட மாட்டேன் என்கிறான் என்று கோச் புலம்பியிருந்தார். ஏன்டா என்றேன். "பாஸ் போட்டா இன்னா சார் கெடைக்கும்?" என்றான். அப்புறம்தான் தெரிந்தது, வீட்டில் கோலுக்கு ஐம்பது ரூபாய் என்று பேச்சு. அப்பா ஆசையாக ஆரம்பித்ததுதான். ஆனால் அவனுக்கு ஆட்டம் கூலி வேலையாகிவிட்டது. கோல் விழாத நாள் சம்பளமில்லாத நாள்.

இது அந்த வீட்டோடு போகிற கதை இல்லை. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிற்பாடு சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை. அதனால் ஜெயித்த அன்று பிரியாணி வாங்கித் தருவதில் தப்பே இல்லை. முன்கூட்டியே ரேட் பேசாதீர்கள், அவ்வளவுதான்.

பெற்றோரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு கோட்டா 3 சதவீதம். ரயில்வே, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம் என்று ஆட்டத்தால் வேலைக்குப் போனவர்களைப் பார்த்து வளர்ந்த ஏரியா இது. ஆனால் கோட்டா ஒன்றுக்காகவே ஆடுகிற பிள்ளை, செலக்ஷன் தப்பிய அன்றே ஷூவைக் கழற்றி வைத்துவிடுகிறது. அப்புறம் உடம்பை அசைக்கவே பிடிக்காத வாலிபனாக, முதுகு வலியோடு என்னிடமே திரும்பி வருகிறது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் உள்ளிருந்து வரும் ஆர்வத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: நானாக விரும்பிச் செய்கிறேன், எனக்குக் கைவருகிறது, கூட நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். ராத்திரி ராயபுரத்துச் சந்தில் பல்பு வெளிச்சத்தில் கேரம் ஆடுகிறவர்களைப் பாருங்கள், மூன்றும் இருக்கும். நாளெல்லாம் வண்டி ஓட்டி அலுத்தவர், சிவப்புக் காயைப் போட்டு, அதற்கு ஃபாலோ காயும் விழுந்தால் போடுகிற சத்தம் இருக்கிறதே! அவருக்கு யார் காசு கொடுத்தார்கள்? 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், இந்தப் பக்கத்துப் பெண்தான்.

ஆகவே மேட்ச் முடிந்து பைக்கில் வரும்போதே "ஏன் அந்த பாலை விட்டே?" என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளையாகப் பேசட்டும். வாரத்தில் ஒரு நாளாவது கோச்சிங்குக்கு லீவு விடுங்கள். அன்றைக்கும் அவன் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினால் கவலையே வேண்டாம்.

ஒன்று மட்டும். முட்டி வீங்கியிருந்தாலோ, நொண்டி நடந்தாலோ, ராத்திரி வலியில் எழுந்தாலோ அதை மனசுக் கணக்கில் எழுதாதீர்கள். உடனே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.