ஓவர், ஹேண்டோவர், ஒப்புவிப்பு

வடசென்னையில் ஷிப்ட் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பின்னி மில் சங்கை வைத்து நேரம் பார்த்த குடும்பங்கள் பெரம்பூரிலும் ஓட்டேரியிலும் உண்டு. எண்ணூர், மணலி, துறைமுகம் எல்லாம் இன்றும் ஷிப்டில்தான் ஓடுகின்றன. ஆஸ்பத்திரியும் அப்படித்தான். வார்டில் துணைக்குப் படுத்தவர்களுக்கு அந்தக் காலை நேரம் நன்றாகத் தெரியும். நைட் சிஸ்டரும் டே சிஸ்டரும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படுக்கை படுக்கையாக நகர்வார்கள். "ஓவர் குடுத்துட்டுக் கிளம்புறேன்", "ஓவர் எடுத்தாச்சா?" என்று பேச்சு கேட்கும்.

அந்த ஓவர், பொறுப்பை அடுத்தவரிடம் விட்டுச் செல்வதைக் குறிக்கும் ஹேண்டோவர் என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதி. ஹேண்ட் என்றால் கை. ஓவர் என்பது இங்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு என்ற பொருளில் வருகிறது. பிரிட்டனில் ஹேண்டோவர் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் ஹேண்ட்ஆஃப் என்பார்கள். மருத்துவத்தில் இதற்கு இரட்டைப் பொருள்: நோயாளியின் பொறுப்பும் மாற வேண்டும், அவரைப் பற்றித் தெரிந்ததும் கூடவே மாற வேண்டும். பொறுப்பு மட்டும் மாறித் தகவல் நின்றுவிட்டால் ஆபத்து.

என் அம்மா ஒரு மருத்துவமனையில் இருந்தபோது இதை நேரில் பார்த்தேன். காலை ஏழரைக்கு இன்சுலின் போட்டார்கள். சாப்பிட்ட இட்லி அப்படியே வாந்தியாக வந்துவிட்டது. அப்புறம் ஷிப்ட் மாறியது. இன்சுலின் போட்ட செய்தி அடுத்த சிஸ்டருக்குப் போனது, வாந்தி எடுத்த செய்தி போகவில்லை. பத்து மணிக்குள் சர்க்கரை இறங்கி, அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிப் பேச்சு குழறியது. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இரண்டு சிஸ்டருமே அக்கறையானவர்கள்தான். இருவருக்கும் நடுவில் ஒரு வாக்கியம் விழுந்துவிட்டது, அவ்வளவே.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடிக்கத்தான் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஐ-பாஸ் ஆய்வு. 2014-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 9 மருத்துவமனைகளில், பயிற்சியில் இருந்த குழந்தை மருத்துவர்களுக்கு ஷிப்ட் மாறும்போது எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். நோயின் தீவிரம், நோயாளியின் சுருக்கக் கதை, செய்ய வேண்டிய வேலைகள், நிலைமை மாறினால் என்ன செய்வது, கடைசியாக, கேட்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது. இந்த ஐந்தும் வரிசையாக வர வேண்டும். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் ஐ-பாஸ் (I-PASS) என்ற பெயர். பயிற்சிக்குப் பிறகு மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. "இதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்று கேட்கத் தோன்றும். ஒரு நோயாளிக்கு ஆன நேரம் பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய இரண்டரை நிமிடம்தான். புது மருந்தோ புது இயந்திரமோ இல்லாமல், பேசும் முறையை மாற்றியதில் கிடைத்த பலன் இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கைமாற்று என்று சொல்ல முடியாது, அது வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். கையளிப்பு நல்ல சொல், இலங்கைத் தமிழர்களிடம் நல்ல புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதில் கொடுப்பவர் மட்டுமே தெரிகிறார். ஒப்படைப்பு என்றதும் சாவி, கோப்பு, பணப்பெட்டி என்று பொருள்களே நினைவுக்கு வருகின்றன.

நான் ஒப்புவிப்பு என்பேன். ஒப்புதல் என்றால் இசைதல். ஒப்புவித்தல் அதன் பிறவினை, அதாவது ஒப்பச் செய்தல். அகராதியில் இதற்கு ஒருவர் பொறுப்பில் விடுதல் என்ற பொருளும் உண்டு, பாடத்தைப் பார்க்காமல் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. நமக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் இரண்டாவதுதான் நிற்கிறது, அதனால் மனப்பாட வாடை அடிக்கிறது என்று சிலர் தயங்கலாம். எனக்கு அதுதான் இந்தச் சொல்லின் பலமாகத் தெரிகிறது. வாத்தியார் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை சொல்லச் சொல்லச் சரிபார்ப்பார், விட்டுப்போனதை எடுத்துக்கொடுப்பார். ஐ-பாஸின் ஐந்தாவது படியும் இதுதான். வீட்டுக்குக் கிளம்புகிறவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, வந்தவர் சொல்லிக் காட்டுகிறார். ஒருவர் ஒப்புவிக்க மற்றவர் ஒப்புக்கொள்கிறார். இரண்டு செயலுக்கும் வேர் ஒன்றே. ஹேண்டோவரில் இந்த இரண்டாவது ஆள் இல்லை.

வார்டில் ஓவர் என்றே சொல்லிக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. பயிற்சிக் கையேட்டிலும் சுவரில் ஒட்டும் அறிவிப்பிலும் ஒப்புவிப்பு என்று எழுதலாம். வினையாக, "ஆறாம் படுக்கையை ஒப்புவித்தாயிற்றா?" என்று கேட்கலாம். அப்போது வந்தவர் சொல்லிக் காட்டுவது இப்படி இருக்கும்:

"ஆறாம் பெட் அம்மா. ஏழரைக்கு இன்சுலின் போட்டாச்சு. சாப்பிட்டது வாந்தி ஆயிடுச்சு. சுகர் உடனே பார்க்கணும், இறங்கியிருந்தா டாக்டரைக் கூப்பிடணும். சரிதானே சிஸ்டர்?"

"சரிதான். பார்த்துக்கோ."