என்தூசியாஸ்மோஸ்: உற்சாகம் அல்ல, தெய்வமேறுதல்

உற்சாகத்துக்கு ஆங்கிலத்தில் 'எந்தூசியாசம்' என்கிறார்கள். அதன் கிரேக்க மூலம் அவ்வளவு லேசான சொல் அல்ல. 'என்' என்றால் உள்ளே, 'தெயோஸ்' என்றால் தெய்வம். இரண்டும் சேர்ந்த 'என்தெயோஸ்', உள்ளே தெய்வம் புகுந்தவரைக் குறிக்கும். அதிலிருந்து கிளைத்ததுதான் என்தூசியாஸ்மோஸ்.

இந்த நிலையில் கவிஞன் எழுதுவது மிக அழகானது என்று பழைய கிரேக்கத் தத்துவஞானி டெமாக்கிரிட்டஸ் பாராட்டாகத்தான் சொன்னார். இன்னொரு தத்துவஞானி பிளேட்டோவும் பாராட்டுவது போலவே தொடங்குகிறார். ஆனால் அவருடைய 'அயோன்' உரையாடலைப் படித்தால் இடக்கு புரியும்.

அயோன், எபேசஸ் ஊர்க்காரர். ஹோமரின் பாடல்களை மேடையில் பாடி, விளக்கமும் சொல்பவர். ஹோமர் என்றால் பேச்சு அருவியாகக் கொட்டும். வேறு கவிஞரைப் பற்றிப் பேசினால் தூக்கம் வந்துவிடும். ஏன் இப்படி என்று, உரையாடலில் தன்னோடு பேசும் சாக்ரடீஸிடம் (பிளேட்டோவின் ஆசான்) அவரே கேட்கிறார். 'உம்மிடம் இருப்பது தெக்னே அல்ல' என்கிறார் சாக்ரடீஸ். தெக்னே என்றால் கற்றுத் தேர்ந்த தொழிலறிவு. அது இருந்தால் எல்லாக் கவிஞரைப் பற்றியும் பேச வருமே! காந்தக்கல் ஓர் இரும்பு வளையத்தை இழுக்க, அது அடுத்த வளையத்தை இழுக்கிறது. அப்படித்தான் கலைத்தெய்வமான மியூஸிடமிருந்து கவிஞர், பாடகர், கேட்பவர் என்று சங்கிலி நீள்கிறது.

அப்புறம்தான் பிடி இறுகுகிறது. தேர்ப்பந்தயத்தில் திருப்புக்கல்லை ஒட்டி எப்படி வளைவது என்று ஹோமரின் காவியத்தில் நெஸ்டர் என்ற முதியவர் தன் மகனுக்குச் சொல்லும் அடிகளை அயோனையே பாடவைக்கிறார் சாக்ரடீஸ். இது சரியா என்று யாருக்குத் தெரியும், பாடகருக்கா தேரோட்டிக்கா? தேரோட்டிக்கு என்று ஒப்புக்கொள்கிறார் அயோன். மருத்துவம், மீன்பிடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கைநழுவ, கடைசியில் படைநடத்தும் அறிவு தன்னிடம் உண்டு என்கிறார், பாவம்! ஏமாற்றுக்காரரா, தெய்வமேறியவரா, எது வேண்டும் என்றதும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். பட்டம் பெரியதுதான், அறிவுக்கு உரிமை கோர முடியாது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'உற்சாகம்' இன்றைய ஆங்கிலச் சொல்லுக்குச் சரி; கிரேக்கச் சொல்லுக்குப் போதாது. 'அகத்தூண்டல்' என்றால் தூண்டுதல் கவிஞனுக்குள்ளேயே பிறப்பதாகிவிடும். பிளேட்டோ சொல்வதோ வெளியிலிருந்து வந்து புகுவது. 'ஆவேசம்' மூலப்பொருளில் 'உட்புகுதல்'தான், ஆனால் இப்போது கோபத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. சிலப்பதிகார வேட்டுவ வரியில் சாலினி 'தெய்வமுற்று' ஆடுகிறாள். அந்தத் தடத்திலேயே 'தெய்வமுறுதல்' என்று வைக்கலாம், பேச்சுவழக்கில் தெய்வமேறுதல். அருள் வந்து வாக்குச் சொல்பவரிடம் யாரும் காரண விளக்கம் கேட்பதில்லை என்பதால், பிளேட்டோவின் குத்தலும் இதில் தங்கும்.