தகடாகும் தன்மையா, தகடாக்கும் தன்மையா?

வேதியியல் பாடத்தில் வரும் 'மேலியபிலிட்டி'க்குத் தமிழில் இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன: தகடாகும் தன்மை, தகடாக்கும் தன்மை. ஒரு 'க்' தானே என்று விட்டுவிட முடியாது. அடி வாங்கித் தகடாவது உலோகம், தகடாக்குவது சுத்தியல். உலோகத்தின் பண்பைச் சொல்ல முதல் வடிவமே சரி.

மூலச்சொல்லுக்குள்ளும் சுத்தியல்தான் ஒளிந்திருக்கிறது. லத்தீனில் 'மல்லியஸ்' என்றால் சுத்தியல். அதன் அடியாக, சுத்தியலால் அடித்து உருமாற்றத் தக்கது என்ற பொருளில் இந்தச் சொல் வந்தது. தமிழ் கருவியை விட்டுவிட்டு, அடித்தபின் கிடைப்பதைப் பிடித்துக்கொண்டது. தகடு கடன் வாங்கிய சொல்லும் அல்ல. உறவுமொழியான மலையாளத்திலும் அது உண்டு, தகிடு என்று.

சரி, அடித்தால் ஏன் உடையாமல் விரிகிறது? காரணம் உலோகப் பிணைப்பு. உலோக அணுக்கள் தம் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகின்றன. எலக்ட்ரானை விட்டு நேர்மின்னேற்றம் பெற்ற அந்த அணுக்கள், அதாவது நேர் அயனிகள், அடுக்கடுக்காக நிற்க, எந்த அணுவுக்கும் தனியுரிமை இல்லாத எலக்ட்ரான்கள் (இலங்கையில் இலத்திரன்கள்) அவற்றினூடே உலவுகின்றன. மின்சாரத்தைக் கடத்துவதும் இவைதான். அடி விழுந்து ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்கினாலும், இந்த எலக்ட்ரான்கள் அங்கேயும் இருப்பதால் பிடி விடுவதில்லை. உப்புக்கல்லை அடித்தால் கதை வேறு. அதில் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் மாறிமாறி நிற்கின்றன. அடுக்கு கொஞ்சம் நகர்ந்ததுமே நேர் அயனிக்கு எதிரில் நேர் அயனி வந்து நிற்கும், ஒன்றையொன்று தள்ளும், கல் நொறுங்கும்.

பொன் இதில் முதலிடம். 1 கிராம் பொன்னை ஏறக்குறைய 1 சதுர மீட்டர் தகடாக அடிக்கலாம் என்பார்கள். ஆனால் செம்பு கலந்த நகைப்பொன் அடிக்க அடிக்க விறைத்துப்போகும். அடுக்குகளில் உள்ள பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, வழுக்கலைத் தடுப்பதே காரணம். அதனால்தான் பட்டறையில் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்கிறார்கள்.

அப்புறம், 'டக்டிலிட்டி'. லத்தீனில் இட்டுச்செல்லுதல், இழுத்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. தமிழில் கம்பியாக நீளும் தன்மை. இங்கும் 'நீட்டும்' என்று எழுதினால் அதே பிழைதான். இரண்டு பண்பையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. ஈயம் அடித்தால் நன்றாகத் தகடாகும், கம்பியாக இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடும். துத்தநாகமோ அறைவெப்பத்தில் அடித்தால் விரிசல் விடும். 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அடித்தால் தகடாகும்.