புது ஹெட் கேஸ்கெட் போட்டும் கார் ஏன் மறுபடி கொதிக்கிறது?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் உள்ள எங்கள் பட்டறைக்கு இப்படிப் பல பழைய டர்போ கார்கள் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி உள்ளவை) வருகின்றன. வேறெங்கோ எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி, அதற்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் போட்டு, பணமும் கட்டியாகிவிட்டது. சில மாதங்களில் கெந்திங் மலை ஏற்றத்தில் மறுபடி கொதிக்கிறது. "கேஸ்கெட் மட்டம் போல" என்பார்கள். பெரும்பாலும் கேஸ்கெட் மேல் தப்பில்லை, அதைப் பொருத்திய விதத்தில்தான் தப்பு.

வோல்வோ 940 டர்போவை எடுத்துக்கொள்வோம். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போதாக்குறைக்கு டர்போ தரும் அழுத்தம் வேறு. ஒருமுறை கொதித்த ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். நேர்கோலும் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்காமல், தேவைப்பட்டால் ஸ்கிம் பண்ணாமல் (பரப்பை மெல்லச் செதுக்கிச் சமப்படுத்தாமல்), மேலே ஏற்றவே கூடாது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட ட்ரில்லில் உராய்வு டிஸ்க் மாட்டித் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். வேலை சீக்கிரம் முடியும், சரி. ஆனால் அந்த டிஸ்கின் தூள் எண்ணெய்ப் பாதையில் இறங்கினால், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை அரித்துவிடும். டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது, அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஸ்கிரேப்பர், கரைப்பான், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

அடுத்தது ஹெட்டைப் பிளாக்கோடு பிணைக்கும் போல்ட். "பழசே நல்லாத்தானே இருக்கு தம்பி?" என்று ஓர் அண்ணன் கேட்டார். பழையதையும் புதியதையும் அவர் கையிலேயே கொடுத்தேன். பழையதன் நடுப்பகுதி இழுபட்டு மெலிந்திருந்ததை விரலாலேயே தடவிப் பார்த்துக்கொண்டார். இந்த எஞ்சினில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதலில் எல்லாவற்றையும் 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, பிறகு 60, அப்புறம் ஒவ்வொன்றையும் 90 டிகிரி திருப்ப வேண்டும். அந்தக் கடைசித் திருப்பத்தில் போல்ட் நீள்கிறது, அந்த இழுவைதான் ஹெட்டைப் பிடித்து வைக்கிறது. வேறு எஞ்சினுக்குக் கணக்கு வேறு, அதன் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். அடி மூடிய துளையாக இருந்தால் பிளாக்கே விரிசல் விடலாம். காற்றடித்துக் காயவைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

டர்போவின் எண்ணெய்க் குழாய்களுக்குப் புதுச் செம்பு வாஷர் போடுங்கள். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணுமுன் இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கூலன்ட் ஊற்றியபின் காற்றை முழுசாக வெளியேற்றுங்கள்.

கார் உரிமையாளர்களுக்கு ஒன்று. பில்லைக் கையில் வாங்கியதும், முதல்முறை எதனால் கொதித்தது என்று கேளுங்கள். அடைத்த ரேடியேட்டரா, தெர்மோஸ்டாட்டா, வாட்டர் பம்பா, ஃபேனா? பதில் வரவில்லையென்றால், அதைப் பார்த்து முடிக்கும்வரை காரைப் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள்.